சின்ன கிளினிக்கில் கணினிப் பதிவேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டாக்டர், இரண்டு மூன்று சிஸ்டர்கள், ஒரு மருந்துக் கவுண்டர், நினைத்த நேரத்தில் போகும் கரண்ட். இப்படி ஓடுகிற கிளினிக்குகளிலிருந்து "நோட்டை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வரலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டிரஸ்ட் கிளினிக், மலையோரத்து வெளிநோயாளர் பிரிவு என்று சில இடங்களில் இந்த மாற்றத்தின்போது கூட இருந்திருக்கிறேன். இரண்டு இடங்களில் அது படுத்தும் போயிற்று. எங்கே இடறியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆப்பிரிக்க உதாரணங்கள் அடிக்கடி வரும். வசதி குறைந்த இடத்தில் செய்து பார்த்ததோடு நிற்காமல், என்ன ஆயிற்று என்று அளந்து எழுதியும் வைத்தவர்கள் அங்கே நிறைய.

இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி விஷயம் இல்லையா? எங்களைப் போன்ற இடத்தில் ஓடுமா?

ஓடும். 2001-லேயே ஓடியிருக்கிறது. மேற்குக் கென்யாவில் எல்டோரெட் நகருக்குப் பக்கத்தில் மொசோரியட் என்ற ஊரின் சுகாதார நிலையம். கென்யாவின் மோய் பல்கலைக்கழக மருத்துவர்களும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அங்கே ஒரு கணினிப் பதிவேட்டைப் போட்டார்கள். மொத்தக் கருவி: ஒன்றோடொன்று இணைத்த இரண்டு கம்ப்யூட்டர், ஒரு யு.பி.எஸ்., சோலார் பேட்டரி. மென்பொருள் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதியது.

போடுவதற்கு முன்னும் பின்னும் யார் எதில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் குறித்தார்கள். நோயாளி வந்து போகும் மொத்த நேரம் 22 சதவீதம் குறைந்தது. காத்திருக்கும் நேரம் 38 சதவீதம் குறைந்தது. இதுவரை படித்தால் கைதட்டத் தோன்றும். ஆனால் சிகிச்சை தருபவரோடு நோயாளி இருந்த நேரமும் 58 சதவீதம் குறைந்துவிட்டது. ஊழியர்களுக்கு மிச்சப்பட்ட நேரம் நோயாளியிடம் போகவில்லை. அவர்களுடைய சொந்த வேலைகளுக்குத்தான் போயிற்று. இதை மறைக்காமல் எழுதியதற்காகவே அந்தக் குழுவின் மேல் எனக்கு மரியாதை. உங்கள் இடத்திலும் நேரம் மிச்சமாகும். அதை எதற்குச் செலவழிப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பி.பி. மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார் என்று கேட்க ஐந்து நிமிடம், என்கிற மாதிரி.

யாருக்கு இதனால் லாபம்?

எல்லோரும் "நோயாளிக்கு" என்று சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது, தட்டச்சு செய்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான்.

ஒரு சின்ன கிளினிக்கில் சிஸ்டர் எத்தனை ரெஜிஸ்டர் எழுதுகிறார் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஓ.பி. ரெஜிஸ்டர், பி.பி.-சுகர் ரெஜிஸ்டர், கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசி, லேப், மருந்து இருப்பு, மேலே ரெஃபர் செய்தவர்கள். ஒரே பெண்ணின் பெயரை ஒரே காலையில் நான்கு இடத்தில் எழுதியிருப்பார். மாதக் கடைசியில் இந்த ரெஜிஸ்டர்களைப் புரட்டி, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழித்து, ஆண் எத்தனை பெண் எத்தனை, ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை என்று எண்ணுவார். இரண்டு மூன்று நாள் அதிலேயே போகும். புதுப் பதிவேடு அந்த மாத ரிப்போர்ட்டை ஒரு பட்டனில் கொடுத்துவிட்டால் சிஸ்டர் உங்கள் பக்கம். கொடுக்காமல், ஏற்கெனவே உள்ள ஏழு ரெஜிஸ்டரோடு எட்டாவதாக ஒரு கம்ப்யூட்டரும் சேர்ந்தால், மூன்றாவது மாதம் அதன் மேல் துணி போர்த்தியிருக்கும்.

நான் பார்த்த முதல் தோல்வி இந்த ரகம். மென்பொருளில் குறையே இல்லை. பணம் கொடுத்தவர்களுக்கு அழகான வரைபடங்கள் போயின. சிஸ்டருக்கு மட்டும் எதுவும் மிச்சமாகவில்லை.

எந்த மென்பொருளை எடுப்பது?

மூன்று வழி சொல்லலாம்.

கட்டணமில்லாத திறந்த மூல மென்பொருள்களில் பெயர் பெற்றது ஓப்பன்எம்ஆர்எஸ். 2004-ல் தொடங்கிய முயற்சி. மேலே சொன்ன கென்யக் குழுவின் அனுபவமும், பெருவில் மருந்துக்கு மசியாத காசநோய்க்காக ஒரு வலைப் பதிவேடு நடத்திய பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பின் அனுபவமும் அதில் சேர்ந்தன. புதுக் கேள்வி ஒன்றைச் சேர்க்க மென்பொருளாளரைக் கூப்பிட வேண்டியதில்லை என்பது அதன் பலம். உள்ளே ஓர் 'அகராதி' இருக்கிறது. 'கால் வீக்கம்' என்று அதில் ஒரு சொல்லைச் சேர்த்து, படிவத்தில் வைத்துவிடலாம்.

அதை ஆய்வகம், பில், மருந்து இருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்களோடு சேர்த்துக் கட்டியது பாஹ்மினி. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் கிராமத்து ஆஸ்பத்திரிக்காக உருவாகி அங்கே ஓடியது. படுக்கைகள், லேப் எல்லாம் உள்ள இடத்துக்குப் பொருத்தம். ஒரு டாக்டர் கிளினிக்குக்கு இது யானை. தீனி போட ஒரு ஆள் வேண்டும்.

மூன்றாவது, ஒரே வேலைக்கான போன் செயலி. இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பல மாநிலங்களில் பயன்பட்ட சிம்பிள் என்ற செயலி நல்ல உதாரணம். நோயாளியிடம் கியூ.ஆர். கோடு போட்ட ஒரு அட்டை. சிஸ்டர் போனில் அதை ஸ்கேன் செய்து, பி.பி. அளவைப் போட்டு, மருந்தைச் சரிபார்த்து, அடுத்த தேதி கொடுத்தால் முடிந்தது. நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வரவேண்டிய நாளில் வராதவர்களின் பட்டியலும் அதிலேயே கிடைக்கும், கூப்பிட்டுப் பேச. உங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் பி.பி., சுகர் என்றால் இந்த அளவோடு தொடங்குவதே புத்திசாலித்தனம்.

உள்ளூர் பையன் ஒருவன் எழுதித் தருகிறேன் என்பான். எழுதவும் செய்வான். அப்புறம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடுவான்.

எக்ஸெல் போதாதா?

ஆறு மாதத்துக்குப் போதும். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை என்று தொடங்குவீர்கள், அவர் இரண்டாம் முறை வருவார், அங்கே சிக்கல் ஆரம்பம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் இன்னும் சிக்கல். ஆனால் உங்களுக்கு உண்மையில் என்னென்ன கட்டங்கள் தேவை என்று கண்டுபிடிக்க எக்ஸெல்லைவிட மலிவான வழி கிடையாது.

டாக்டர் டைப் செய்ய மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு எண்பது டோக்கன் வெளியே நிற்கும்போது ஒரு விரலால் எழுத்துத் தேடினால் நோயாளியின் முகத்தை எப்போது பார்ப்பது?

டாக்டரைத் தொடவே வைக்காமல் செய்த இடமும் உண்டு. எல்டோரெட்டைச் சுற்றி எச்.ஐ.வி. சிகிச்சை பெருகியபோது, அங்குள்ள ஆம்பத் என்ற கூட்டுத்திட்டத்தில், சிகிச்சை தருபவர்கள் அச்சடித்த தாளில் டிக் அடித்தார்கள். பதிவு எழுத்தர்கள் பின்னால் உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அடுத்த முறை நோயாளி வரும்போது அவருடைய சுருக்கம் ஒரு தாளில் அச்சாகி முன்னால் இருக்கும். பின்னர் அந்தத் தாளிலேயே "இவருக்கு சி.டி.4 பரிசோதனை (எச்.ஐ.வி. உள்ளவரின் நோய் எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ரத்தப் பரிசோதனை) பாக்கி" என்று ஒரு வரி நினைவூட்டலும் சேர்த்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளிவந்த முடிவின்படி, நினைவூட்டல் சேர்த்த கிளினிக்கில் பாக்கியிருந்தவர்களில் 53 சதவீதத்தினருக்குப் பரிசோதனை எழுதப்பட்டது. நினைவூட்டல் இல்லாத கிளினிக்கில் 38 சதவீதம். சிகிச்சை தருபவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. தாள்தான் பேசியது.

இந்த முறையில் ஒரு குறை: தாளில் உள்ள தப்பு மறுநாள்தான் தெரியும். எடை 6 கிலோவா 60 கிலோவா என்று எழுத்தர் யாரைப் போய்க் கேட்பது? அதனால் நான் இரண்டையும் கலந்துதான் செய்யச் சொல்வேன். எடை, பி.பி., சுகர், வெப்பநிலை ஆகியவற்றை சிஸ்டர் அளந்த இடத்திலேயே உள்ளே போடட்டும். டாக்டர் தாளில் எழுதட்டும். மருந்தை, கொடுக்கும் கவுண்டரில் பதியட்டும். டாக்டர் ஒருநாள் தானாகவே "அந்தச் சுகர் கிராஃப் காட்டுங்க" என்று திரும்புவார். அதற்குள் அவசரப்படுத்த வேண்டாம்.

கீபோர்டு பழக்கமே இல்லாத ஊழியர்கள்?

மலாவியில் பாவோபாப் ஹெல்த் என்ற அமைப்பு 2001-லிருந்து இதற்கே ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் வீட்டு இணையத்துக்காக விற்று வியாபாரம் படுத்துப்போன ஐ-ஓப்பனர் என்ற பெட்டிகளை வாங்கி, தொடுதிரை பொருத்தி, லிலோங்வே நகரின் காமுசு மத்திய ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். திரைக்கு ஒரே கேள்வி, பெரிய பெரிய பட்டன்கள். பதிலைத் தொட்டால் அடுத்த கேள்வி. அந்நாட்டில் நோயாளிகள் 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்று ஒரு சின்ன நோட்டைத் தாங்களே வைத்திருப்பார்கள்; நம் ஊர் ஓ.பி. நோட்டு மாதிரி. சின்ன லேபிள் பிரிண்டரில் பார்கோடும் அன்றைய விவரமும் அச்சாகும், அதைக் கிழித்து நோட்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் நோயாளியின் கையில் வரலாறு இருக்கும்.

இந்த லேபிள் யோசனை நமக்கு அப்படியே பொருந்தும். நோட்டை ஒழிப்பதுதான் முன்னேற்றம் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் ஒரு பாட்டி மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, ஆதார், ஓ.பி. நோட்டு மூன்றையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருப்பார். அதைவிடப் பாதுகாப்பான சர்வர் நான் பார்த்ததில்லை.

பதிவு செய்யும் மேஜையில் என்ன பெரிய சிரமம் இருக்கப்போகிறது? பெயர்தானே?

அந்தப் பெயரில்தான் எல்லாம் கவிழ்கிறது. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

"பேரு என்னம்மா?"

"செல்விங்க."

"இனிஷியல்?"

"போன தடவை எம்னு போட்டாங்க. அது வீட்டுக்காரர் பேரு. அப்பா பேரு கந்தசாமி."

"வயசு?"

"நீயே போட்டுக்க பாப்பா. அம்பது இருக்கும்."

"போன் நம்பர்?"

"பையன் நம்பர்தான். அவன் திருப்பூர்ல இருக்கான்."

மேஜையில் இருக்கும் பெண் 'செல்வி' என்று தேடினால் நூற்றுக்கு மேல் வரும். எம். செல்வி என்று இருபது. பின்னால் வரிசை சத்தம் போடுகிறது. அவர் என்ன செய்வார்? 'புதிய நோயாளி' பட்டனை அமுக்குவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இப்போது அந்த அம்மாவுக்கு இரண்டு எண். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய எண்ணில் தூங்கும்.

வெளிநாட்டில் எழுதிய மென்பொருள்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயர், பல பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் கணவர் பெயர். ஒரே ஆளுக்குப் பத்து வருடத்தில் இரண்டு இனிஷியல். ஆங்கிலத்தில் பதிந்தால் சாந்தி ஒருநாள் 'எஸ்'-ல் தொடங்குவார், ஒருநாள் அதோடு 'எச்' சேரும்; லட்சுமியை எழுத ஐந்து வழி உண்டு. 'ழ'வைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒலி ஒத்த பெயரைத் தேடித் தரும் வசதிகள் ஆங்கிலப் பெயர்களை வைத்துச் செய்தவை. நம் பெயர்களில் தடுமாறும்.

நாங்கள் தடுக்கி விழுந்து கற்றவை இவை. பெயரைத் தமிழிலேயே பதியுங்கள், தமிழ்த் தட்டச்சு இன்று போனிலேயே இருக்கிறது. தந்தை பெயர், கணவர் பெயர் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள், இனிஷியலை நம்பாதீர்கள். ஊரும் தெருவும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி இருக்கட்டும். வீட்டு அடையாளத்துக்கு ஒரு கட்டம்: 'ரேஷன் கடை எதிர்வீடு', 'டெய்லர் மாரிமுத்து வீடு'. கிராமத்தில் ஆளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல விவரம் இல்லை. வயதை 'சுமார்' என்று குறிக்க ஒரு வசதி வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்தவர்களாகிவிடுவார்கள். அப்புறம், கிளினிக் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு நோட்டின் அட்டை மேல் ஒட்டிவிடுங்கள். நோட்டு இருந்தால் தேடுவதற்கே வேலை இல்லை.

இத்தனை செய்தும் இரட்டைப் பதிவு வரும். வாரம் ஒருநாள் மதியம் கூட்டம் குறைந்ததும் அந்த வாரத்துப் புதுப் பதிவுகளைப் பார்த்து, ஒரே ஆள் இரண்டாக இருந்தால் சேர்க்கும் வேலையை ஒருவருக்குக் கொடுங்கள். ஊரைத் தெரிந்த ஆயாம்மா பக்கத்தில் இருந்தால் அரை மணியில் முடியும்.

படிவத்தில் எத்தனை கட்டங்கள் வைக்கலாம்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே "இதை யார் பார்ப்பார்? பார்த்து என்ன செய்வார்?" என்று எழுதுங்கள். பதில் இல்லாத கட்டத்தை அடித்துவிடுங்கள். தொழில், மதம், கல்வி என்று எல்லாவற்றையும் கேட்கும் படிவங்கள் வரும்; அவை யாரோ ஒருவருடைய ஆய்வுக்காக. கட்டாயக் கட்டம் நிறைய வைத்தால் ஊழியர்கள் பொய் எழுதப் பழகுவார்கள். உயரம் கட்டாயம் என்று வைத்த ஓரிடத்தில் அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் 150 செ.மீ. உயரம் வளர்ந்திருந்தார்கள்.

நோய்ப் பெயர்களுக்குப் பட்டியல் வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலை அப்படியே திறந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் வரும். உங்கள் பழைய ஓ.பி. ரெஜிஸ்டரில் மூன்று மாதத்தை எண்ணி, அடிக்கடி வரும் முப்பது நாற்பதை எடுங்கள். குறியீடு பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். உயர் ரத்த அழுத்தத்துக்கு ஐ10, பெரியவர்களுக்கு வரும் வகைச் சர்க்கரை நோய்க்கு இ11 என்று சிஸ்டர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பட்டியலை அகரவரிசையில் வைக்காமல், அதிகம் வருவது மேலே இருக்கும்படி வையுங்கள். அகரவரிசையில் வைத்த ஓரிடத்தில், ஆங்கிலத்தில் முதலாவதாக நின்ற வயிற்றுவலி அந்த மாதம் ஊரையே பிடித்துக்கொண்டது. அவசரத்தில் விரல் முதல் வரியில்தான் விழும்.

கரண்ட்டும் நெட்டும் இல்லாத நேரத்தில்?

நெட்டை நம்பி நோயாளியைப் பார்க்காதீர்கள். கிளினிக்குக்குள்ளேயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வராக இருக்கட்டும், மற்றவை வைஃபையில் அதோடு பேசட்டும். நெட் வரும்போது வெளியே நகல் போகட்டும்.

கரண்ட்டுக்கு டெஸ்க்டாப்பைத் தவிருங்கள், லேப்டாப் வாங்குங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டில் 1800 வாட்-மணி. அதில் பாதியை எடுத்தால்தான் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும், ஆக 900. இன்வர்ட்டர் தன் பங்கைத் தின்றதுபோக ஏறக்குறைய 750. இரண்டு லேப்டாப், சின்ன சர்வர், ரௌட்டர் எல்லாம் சேர்ந்து 100 வாட் என்றால் ஏழு மணி நேரம் வரும். அதே இன்வர்ட்டரில் மருந்து ஃப்ரிட்ஜையும் மூன்று ஃபேனையும் மாட்டினால் மதியம் சாப்பாட்டுக்கு முன்பே 'பீப்' சத்தம் கேட்கும். கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது யார் என்று பெயர் குறித்து சுவரில் ஒட்டுங்கள். அதை எல்லோரும் மறப்பார்கள். மலைப் பகுதியில் இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. வெளியிலிருந்து வரும் நெட் கேபிளையும் பிடுங்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்கும் நாள் வரும். அதற்கு அச்சடித்த வெற்றுப் படிவம் ஒரு கட்டு மேஜை டிராயரில் எப்போதும் இருக்கட்டும்.

செலவு எவ்வளவு?

தொகை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எங்கே கை கடிக்கும் என்று சொல்ல முடியும். முதல் வருடம் கருவிக்கு நன்கொடை கிடைத்துவிடும். படம் எடுத்துப் போடலாம் அல்லவா. மூன்றாம் வருடம் புது பேட்டரிக்கும், லேபிள் ரோலுக்கும், வேலையை விட்டுப் போன சிஸ்டர் இடத்துக்கு வந்தவரைப் பழக்கும் நாட்களுக்கும், கோளாறு என்றால் ஓடிவரும் ஆளுக்கும் யாரும் தருவதில்லை. இந்த இரண்டாம் பட்டியலை முதலில் போட்டு, அதை உங்கள் சொந்த வருமானத்தில் தாங்க முடியுமா என்று பாருங்கள்.

பழைய நோட்டுகளையெல்லாம் உள்ளே ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். தொடர்ந்து வரும் பி.பி., சுகர், காசநோய், வலிப்பு நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும், அவர்கள் அடுத்த முறை வரும்போது, நோய், இப்போதைய மருந்து, ஒவ்வாமை, கடைசி அளவுகள் ஆகிய நான்கை ஏற்றுங்கள். 2009-ல் வந்த சளி யாருக்கும் தேவைப்படாது.

எத்தனை நாள் நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டிலும் எழுதுவது?

நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு. முடியும் தேதியைத் தொடங்கும் நாளிலேயே காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். "பழகும்வரை" என்று விட்டால் அது முடியவே முடியாது, இரண்டு மடங்கு வேலையில் வெறுத்துப்போய் எதை முதலில் விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரே நாளில் எல்லாப் பிரிவையும் மாற்ற வேண்டாம். முதலில் பதிவு மேஜை, அது நிலைத்ததும் பி.பி.-சுகர் நாள், பிறகு மருந்து.

ஒரு சிக்கல் உங்கள் கையில் இல்லை. அரசுக்குத் தனியாகப் பதிய வேண்டியது இருந்துகொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பதிவுக்குப் பிக்மி, காசநோய்க்கு நிக்ஷய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம். உங்கள் பதிவேட்டிலிருந்து அந்தத் தளம் கேட்கும் வரிசையிலேயே விவரங்களை ஒரு தாளில் எடுக்க முடிந்தால், பார்த்துப் பார்த்து அடிப்பதாவது சுலபமாகும்.

பேக்கப் எடுக்கிறோம். அது போதும்தானே?

திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா? ஒரு கிளினிக்கில் தினமும் மாலை பென் டிரைவில் நகல் எடுத்தார்கள், நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டார்கள். சர்வர் வட்டு போன அன்று திறந்து பார்த்தால் எல்லாக் கோப்பும் பூஜ்யம் அளவு. பல மாதம் கையெழுத்து மட்டும்தான் ஒழுங்காக நடந்திருக்கிறது.

மூன்று நகல், இரண்டு வேறு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். மாதம் ஒருமுறை வேறொரு லேப்டாப்பில் ஏற்றி, நேற்று வந்த ஒருவருடைய பெயர் வருகிறதா என்று பாருங்கள். பென் டிரைவுக்குக் கட்டாயம் பாஸ்வேர்டு பூட்டு வேண்டும். அது பஸ்ஸில் தொலைந்தால் ஊரே தொலைந்த மாதிரி. பெரிய இடத்துக்கும் இந்தக் கஷ்டம் உண்டு: 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை இணையத் திருடர்கள் பூட்டியபோது, அத்தனை பெரிய ஆஸ்பத்திரியும் நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதியது.

நோயாளியின் ரகசியம்?

சின்ன ஊரில் திருடனைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆபத்து. பதிவு மேஜையின் திரை வரிசையைப் பார்த்து இருந்தால் அதை இன்றே திருப்பி வையுங்கள். எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநல மருந்து போன்றவை எல்லோர் கண்ணுக்கும் படும் முதல் திரையில் வரக்கூடாது. மருந்துக் கவுண்டருக்கு மருந்து தெரிந்தால் போதும்.

எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைவார்கள், அதையும் திரை ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் நுழைய ஒரு நிமிடம் ஆனால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். நான்கு இலக்க எண் போதும் என்று வைத்து, நுழைவதை வேகமாக்குங்கள். தனித்தனிப் பெயரில் நுழைவது பழகிவிடும்.

சட்டமும் வந்துவிட்டது. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தாளில் மட்டும் இருப்பதைத் தொடாது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதன் வரம்புக்குள் வந்துவிடும். பாதுகாக்கத் தவறினால் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். உங்கள் கிளினிக்கிடம் அவ்வளவு கேட்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், எதற்காகப் பதிகிறோம் என்று நோயாளிக்குத் தமிழில் இரண்டு வரி எழுதி ஒட்டுவதில் செலவு ஒன்றுமில்லை.

'ஆபா' எண் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. அதில் தரும் 14 இலக்க எண்தான் ஆபா. விருப்பமிருப்பவர் எடுக்கலாம். எண் இல்லை என்று வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் மென்பொருளில் அதற்கொரு கட்டம் இருக்கட்டும், அதையே கிளினிக் எண்ணாக வைத்துவிட வேண்டாம். திருப்பூரில் இருக்கும் மகனுடைய போனுக்கு ஓ.டி.பி. போனால் பதிவு மேஜை அப்படியே நிற்கும்.

தோற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். சிஸ்டரின் டிராயரைத் திறந்து பாருங்கள். கிழித்த காலண்டர் தாளிலோ, பிள்ளையின் பாதி எழுதிய கணக்கு நோட்டிலோ, அவர் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்: யாருக்கு எப்போது ஊசி, யார் வரவில்லை, யார் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த நோட்டைப் பறிக்காதீர்கள். "இதில் உள்ளது அதில் ஏன் இல்லை?" என்று கேளுங்கள். என்னுடைய இரண்டாவது தோல்வியில் அந்த நோட்டு என் கண்ணில் பட்டது எட்டாவது மாதம்தான். அதிலிருந்த மூன்று பத்திகளைத் திரையில் கொண்டுவந்திருந்தால் அந்த இடம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த இடத்தில் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரையையே வரைந்தோம்.

பழைய ரெஜிஸ்டர்களை எடைக்குப் போட்டுவிடலாமா?

பொறுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள், உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நீதிமன்ற வழக்கு சம்பந்தப்பட்டது என்றால் வழக்கு முடியும்வரை தொடாதீர்கள். பிரசவம், தடுப்பூசிப் பதிவேடுகளை நான் எந்த இடத்திலும் போட விடுவதில்லை. பள்ளியில் சேர்க்கவும், பென்ஷனுக்கும் பிறந்த தேதி தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். இரும்பு பீரோவில், சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். மற்றதை எடைக்குப் போடுவதென்றாலும் முழு நோட்டாகப் போடாதீர்கள். அந்தத் தாளில் அடுத்த வாரம் யாராவது வடை மடித்துக் கொடுப்பார்கள், நோயாளியின் பெயரோடு.